பூட்டி வைத்த அறை காலியாகத்தான் இருக்கும்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும்,

நாடகத் துறையின் பயிற்சி அரங்கைப் பல்நோக்குக் கூடமாக மாற்றப்போவதாகவும், முதுகலை இறுதிப் பருவத்தில் இருந்த நாடகத் தயாரிப்புத் தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் ஆய்வேட்டையும் 20 நிமிடக் காணொளியையும் வைக்கப்போவதாகவும் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைப் படித்தேன். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் சிலப்பதிகாரத்தில் தொடங்கித் தமிழ் நாடக மரபின் பெருமை. இரண்டாம் பக்கத்தில் அறையைக் காலி செய்ய வேண்டிய தேதி.

பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது போதும். நான் 2015இல் அங்கே சேர்ந்து 2017இல் முடித்தவள். அன்றிலிருந்து சென்னையில் நாடகக் குழுக்களுக்கும் நடன நிகழ்ச்சிகளுக்கும் லைட் போட்டுத்தான் வாடகை கட்டுகிறேன். மூன்று ஆண்டுகளாக உங்கள் துறைக்கே வந்து, மணிக் கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒளியமைப்பும் மேடை நிர்வாகமும் சொல்லித் தருகிறேன். இந்த மடலுக்குப் பிறகு அடுத்த பருவத்துக்கு என்னைக் கூப்பிடாமல் போகலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

சுற்றறிக்கை சொல்லும் முதல் காரணம், அந்த அறை ஆண்டில் பெரும்பாலான நாட்கள் காலியாகக் கிடக்கிறது என்பது. பயன்பாட்டுப் பதிவேடே சாட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன். நீல அட்டை, மேலே ரப்பர் பேண்ட். அது துறையில் இருப்பதில்லை, நிர்வாகக் கட்டடத்தில் சாவியோடு சேர்ந்து இருக்கிறது. சாவி வேண்டுமானால் மூன்று நாள் முன்னதாக விண்ணப்பம் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் என்று எழுதியிருந்தால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும். திரும்பி வந்த விண்ணப்பம் எதுவும் பதிவேட்டில் ஏறாது. போன பருவத்தில் மட்டும் என் மாணவர்கள் 14 முறை கேட்டார்கள். நான்கு முறை கிடைத்தது. பதிவேட்டில் இருப்பது அந்த நான்கு. மீதி பத்து நாளும் அறை காலி என்பது உங்கள் கணக்கு. பூட்டி வைத்த அறை காலியாகத்தான் இருக்கும் ஐயா.

கிரெடிட் கணக்கையும் பார்த்துவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் முறைப்படி, வாரத்துக்கு இரண்டு மணி நேரச் செய்முறைக்கு ஒரு கிரெடிட். தயாரிப்புத் தாளுக்கு எட்டு கிரெடிட் வைத்திருந்தீர்கள். அப்படியானால் வாரம் 16 மணி நேரம். கால அட்டவணையில் பகல் வேளையில் அதற்கு ஒதுக்கியது ஆறு மணி நேரம். மீதிப் பத்து மணி நேரத்தை மாணவர்கள் எங்கே போய்ச் செய்ய வேண்டும்? இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய ஆடும் கூத்தைப் பாடத்தில் வைத்துவிட்டு, அதைக் கற்கும் அறையை மாலை ஐந்துக்குப் பூட்டுகிற ஊர் நம்முடையதுதான்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களில் எத்தனை பேர் உள்ளே வந்திருக்கிறீர்கள் என்று தெரியாது. நாற்பதடிக்கு முப்பதடி. சுவர் முழுக்கக் கறுப்பு. மேலே குறுக்கும் நெடுக்குமாக ஆறு இரும்புக் குழாய்கள், லைட்டைக் கிளாம்ப் போட்டுத் தொங்கவிட. தரை மரப் பலகை. சிமெண்டுத் தரைமேல் சட்டம் அடித்து அதன்மேல் பலகை பதித்திருந்தார்கள், குதித்தால் கொஞ்சம் கொடுக்கும். நாள் முழுக்க அடவு போட்டாலும் முழங்கால் மறுநாள் எழுந்து நடக்க விடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த அறைக்குள் தண்ணீர் வந்தது. நான் முதலாண்டு. பலகைக்கு அடியில் தண்ணீர் தேங்கி, நான்கைந்து நாளில் நாற்றம் வந்துவிட்டது. துறையில் ஒரு பேராசிரியரும், எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரும், நாங்கள் பதினோரு பேரும் சேர்ந்து ஒவ்வொரு பலகையாகக் கழற்றினோம். எது எந்த இடம் என்று மறந்துவிடக் கூடாதே என்று அடிப்பக்கத்தில் சாக்பீசால் எண் போட்டோம். அது அழிந்துவிடும் என்று அண்ணன் திட்ட, மறுபடி பெயிண்டால் போட்டோம். மழை விட்டதும் மொட்டை மாடியில் வரிசையாகக் காய வைத்து, திரும்பக் கொண்டுவந்து பதித்தோம். ஒரு பைசா பல்கலைக்கழகத்துக்குச் செலவில்லை. ஆணிகூட அண்ணன் வீட்டு ஆணி.

போன மாதம் போய்ப் பார்த்தேன். மாற்றும் வேலை ஏற்கனவே முடிந்திருந்தது. அந்தப் பலகைகள் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கின்றன. 37 என்று என் கையெழுத்து, ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவேன், அப்படியே இருக்கிறது. அறைக்குள் வழவழ டைல்ஸ். குழாய்களை அறுத்து எடுத்துவிட்டு ஃபால்ஸ் சீலிங். சதுரம் சதுரமாக வெள்ளை லைட். சுவருக்குச் சந்தன நிறம்.

சிலப்பதிகாரத்தைச் சுற்றறிக்கையில் பெயர் சொல்லி அழைத்திருப்பதால் சொல்கிறேன். அதில் அரங்கேற்று காதை என்று ஒன்று இருக்கிறது. மேடை ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒரு கோல் என்பது 24 விரல். உள்ளே வர ஒரு வாயில், போக ஒரு வாயில். திரை மூன்று வகை. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. நிழல் எங்கே விழும் என்று அன்றைக்கே கவலைப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் கட்டியிருக்கும் கூடத்தில் அந்தக் கவலையே இல்லை. எங்கே நின்றாலும் நிழல் விழாது, எங்கே நின்றாலும் ஒரே முகம். கணினித் தேர்வு எழுத நல்ல வெளிச்சம் அது.

இனி தயாரிப்புத் தாளுக்கு வருகிறேன். அதை ஆய்வேடாக மாற்றினால் என்ன நஷ்டம் என்று கல்விக் குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான கேள்விதான். அதற்கு என் இறுதிப் பருவத்து இரவு ஒன்றைப் பதிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் நாடகம் ஒன்றரை மணி நேரம். நான் ஸ்டேஜ் மேனேஜர், லைட்டும் நானே. ஆளில்லை. ஒத்திகையில் வலது பக்கம் இருட்டாக இருக்கிறது என்று இயக்குநர், அவனும் என் வகுப்புதான், நச்சரித்துக்கொண்டே இருந்தான். நாடகத்தன்று மாலை வலது பக்க பாயிண்டில் ஏற்கனவே இருந்த மூன்று லைட்டோடு இன்னும் இரண்டைச் சொருகினேன். எல்லாம் எரிந்தது. முகம் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

முப்பது நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம், மகள் அம்மாவிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லும் இடம், டப்பென்று ஒரு சத்தம். வலது பக்கம் மொத்தமும் இருட்டு. அந்த இரண்டு பேரும் இருட்டுக்குள். எந்த இடத்தில் எந்த லைட்டை மாற்ற வேண்டும் என்று குறிக்கும் என் கியூ ஷீட்டில் 42 கியூ எழுதி வைத்திருந்தேன், இதற்கு ஒன்றும் எழுதவில்லை. கை நடுங்கியது. மேடையில் சத்தமே இல்லை. பார்வையாளர்களிடமும் இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. இடது பக்கம் வேறு லைனில் இருந்தது நினைவுக்கு வந்து, அந்த இரண்டு லைட்டை மெதுவாக ஏற்றினேன். அம்மாவாக நடித்தவள் அதைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பேச்சை விடாமல், வெளிச்சத்தை நோக்கி நடந்தாள். ஒத்திகையில் அப்படி ஒரு நடையே கிடையாது. மகள் பின்னாலேயே போனாள். மீதி நாடகம் முழுக்க மேடையின் இடது பாதியில் நடந்து முடிந்தது.

முடிந்ததும் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். சுவிட்ச் போர்டுக்குக் கூட்டிப் போய், "பாப்பா, ஒரு லைட் ஆயிரம் வாட். 230 வோல்ட்டுல நாலே கால் ஆம்பியருக்கு மேல இழுக்கும். அஞ்சு போட்டா எவ்வளவு? இது 16 ஆம்பியர் எம்சிபி, அதுக்கு மேல இழுத்தா தானே அணைச்சுடற சுவிட்ச். உடனே விழாது. சூடு ஏறி ஏறி, நீ மறந்து போயிருக்கற நேரம் பாத்து விழும்" என்றார். பாக்கெட்டிலிருந்து மார்க்கரை எடுத்து போர்டு மூடிமேல் "3 மட்டும்" என்று எழுதினார்.

மறுநாள் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நடிப்பைப் பற்றியோ கதையைப் பற்றியோ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "லோடு கணக்கு எழுதி வைத்திருந்தாயா?" என்றார். இல்லை என்றேன். மதிப்பெண்ணைக் குறைத்தார். குறைக்க வேண்டியதுதான்.

அந்தக் கணக்கை அதன் பிறகு நான் ஒருநாளும் மறந்ததில்லை. எழும்பூர் மியூசியம் தியேட்டரானாலும் சரி, கல்யாண மண்டபத்து மேடையானாலும் சரி, போனவுடன் முதலில் பார்ப்பது மேடையை அல்ல, மெயின் போர்டை. டிசம்பர் இசை, நடன சீசனில் எனக்கு வேலை கொடுக்கிற ஒருவரும் இதுவரை என் ஆய்வேட்டின் தலைப்பைக் கேட்டதில்லை. காணொளியாக எடுத்திருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும்? "கட்" என்றிருப்போம். ஃபியூஸைப் போட்டுவிட்டு மறுபடி எடுத்திருப்போம். அந்தப் பெண் பெட்டியோடு நடந்தது யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், முதலில் அவளுக்கே.

நான் காணொளிக்கு எதிரி இல்லை. ஆனால் எதைச் சோதிக்கிறோம் என்று தெரிந்து சோதிக்க வேண்டும். பன்னிரண்டு முறை எடுத்து நன்றாக வந்ததை வைத்துக்கொள்ளலாம் என்றால் அது வேறு கலை, அதற்கு வேறு படிப்பு இருக்கிறது. மேடையில் பேசுகிறவரைவிடக் கேட்டுக்கொண்டு நிற்பவருக்குத்தான் வேலை அதிகம். கேமரா பேசுகிறவர் முகத்துக்குப் போய்விடும், கேட்டவர் என்ன செய்தார் என்று தேர்வாளருக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நல்ல போன் வைத்திருக்கிற பையனுக்கு நல்ல மதிப்பெண் வரும். ஆறாயிரம் ரூபாய் போனில் எடுத்த நாடகம் ஆறாயிரம் ரூபாய் நாடகமாகத்தான் தெரியும்.

தயாரிப்பு என்பது நடிப்பு மட்டும் இல்லை என்பதை இந்தத் துறைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு விளக்குவது கஷ்டமாக இருக்கிறது. கோடவுன் தெருவில் கறுப்புத் துணி மீட்டர் என்ன விலை என்று கடை கடையாகக் கேட்டு, நாற்பது மீட்டருக்கு பேரம் பேசி, அதைத் தலையில் சுமந்துகொண்டு பாரிமுனையில் பஸ் ஏறியதும் தயாரிப்புதான். ரிச்சி தெருவில் வயர், புதுப்பேட்டையில் பழைய இரும்பு, தெரிந்த தையல்காரரிடம் கடன் சொல்லி காஸ்ட்யூம். நாடகத்துக்கு நீங்கள் கொடுத்த தொகையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் ஒட்டிக் கொடுத்தோம். நடிகர் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால், நாடகத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், அவர் வீட்டுக்குப் போய் அவருடைய அம்மாவிடம் காபி குடித்துவிட்டுச் சமாதானம் பேசிக் கூட்டி வருவதும் அந்த எட்டு கிரெடிட்டுக்குள்தான் வரும். இதையெல்லாம் ஆய்வேட்டில் எந்த இயலில் எழுதுவது?

இப்போது இறுதி ஆண்டில் ஒன்பது பேர். ஒருவன் செய்யாறு பக்கத்திலிருந்து வந்தவன், கூத்துக் குடும்பம். முதல் நாள் அறைக்குள் வரும்போது செருப்பை வெளியே விட்டு, குனிந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். மறு வாரம் அத்தனை பேரும் செருப்பை வெளியே விட்டார்கள். வயல்வெளியில் மைக் இல்லாமல் கேட்கும் குரல் அவனுக்கு. அந்தச் சின்ன அறையில் அது காதை அடைத்தது. அதை எப்படிக் குறைப்பது, குறைத்தும் எப்படி விடாமல் இருப்பது என்று அவன் ஒரு முழுப் பருவம் உழைத்தான். பதிலுக்கு மற்றவர்களுக்குச் சுழன்று வரும் அடவு சொல்லிக் கொடுத்தான், கூத்தின் விதூஷகனான கட்டியக்காரன் எப்படி ஒரு வார்த்தையில் ராஜாவைக் கோமாளியாக்கிவிட்டு நகர்ந்து நிற்பான் என்று காட்டினான். கட்டுரை எழுதச் சொன்னால் ஒரு பக்கத்துக்கு மேல் அவனுக்கு வராது. புதிய முறையில் அவன் தோற்பான். எனக்குத் தெரிந்து அந்த வகுப்பில் நாடகம் நன்றாகத் தெரிந்தவன் அவன்தான்.

சுற்றறிக்கை வந்த அன்று என்னிடம் ஒன்று கேட்டான். "எங்கப்பாவக் கூட்டியாந்து காட்டலாம்னு இருந்தேன்க்கா. இனிமே லிங்க்தான் அனுப்பணுமா?" என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் அவனுக்குச் சொல்லுங்கள்.

வேலைவாய்ப்பு என்ற சொல் சுற்றறிக்கையில் ஐந்து இடத்தில் வருகிறது. காணொளி வந்தால் ஊடகத்தில், சினிமாவில் வேலை கிடைக்கும் என்பது வாதம். சரி, சினிமாவையே எடுத்துக்கொள்வோம். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் எங்கிருந்து போனார்கள்? ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்து. அங்கே அவர்கள் தினமும் உடம்பையும் குரலையும் தேய்த்தார்கள், வருடக் கணக்கில். சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையிலும் அதே கதைதான், மேடையில் விழுந்து எழுந்துதான் பையன்கள் கற்றார்கள். சினிமாவுக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றாலும் இந்த அறை வேண்டும்.

வேறொரு கணக்கும் மனதில் ஓடுகிறது. 1876இல் வெள்ளைக்காரன் நாடகத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டான். நம் மாநிலத்திலேயே 1954இல் இன்னொரு சட்டம் வந்தது. இந்த நகரத்தில் நாடகம் போட வேண்டுமென்றால் முழு வசனத்தையும் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்ற நிலைமை அதனால் பல ஆண்டு நீடித்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டு, அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நாடகத்தை நிறுத்த அன்றைக்குச் சட்டமன்றம் தேவைப்பட்டது. இன்றைக்கு இரண்டு பக்கச் சுற்றறிக்கையும் ஒரு சாவியும் போதுமாக இருக்கிறது. நீங்கள் தணிக்கை செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி எண்ணமே உங்களுக்கு இருக்காது. டைல்ஸ் போட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஒத்திகை பார்க்க இடமில்லாத மாணவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெளியே போய் ஒத்திகை பார்க்கட்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். சென்னையில் எங்கே? சபா அரங்கு ஒருநாள் வாடகை மாணவர்களின் மொத்தச் செலவுத் தொகையை விழுங்கிவிடும். பூங்காவில் சத்தமாக ஒரு வசனம் பேசினால் வாட்ச்மேன் வந்துவிடுவார். கடற்கரையில் காற்று குரலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மொட்டை மாடி கிடைக்கும், கீழ்வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் பேசாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவள். வயரிங் பழசு, அது உண்மை. எம்சிபி விழுந்த கதையை நானே சொல்லிவிட்டேன். தீ விபத்து பற்றிய அச்சம் எனக்கும் உண்டு. மாணவர்கள் அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மை. எனக்கு அடுத்த பேட்ச் வராந்தா சுவரில் சிவப்புப் பெயிண்டைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனார்கள், இன்னும் கறை இருக்கிறது. 20 இடத்துக்கு ஒன்பது பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்பதும் சரி. ஆனால் வயரிங் பழசென்றால் வயரை மாற்ற வேண்டும். ஆள் சேரவில்லையென்றால், நாடகத் துறைக்கு வந்து ஆய்வேடு மட்டும் எழுதிவிட்டுப் போக அடுத்த ஆண்டு ஒன்பது பேராவது வருவார்களா என்று யோசிக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. விடுதிக் கதவு இரவு ஏழு மணிக்கு மூடும். எங்கள் வகுப்பில் மூன்று பெண்கள். நான் குரோம்பேட்டையில் அத்தை வீட்டில் இருந்ததால் தப்பித்தேன். மற்ற இருவரும் ஆறே முக்காலுக்கு ஓட வேண்டும். பெண் வேடத்தை ஆண்கள் கட்டிய காலம் முடிந்து எத்தனையோ ஆண்டாகிறது என்று வரலாற்றுத் தாளில் படித்தோம். அதே பருவத்தில் எங்கள் ஒத்திகையில் ஏழு மணிக்கு மேல் அம்மா வசனத்தையும் மகள் வசனத்தையும் பையன்கள்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாடகத்தன்று இருட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாளே, அவள் அந்த இருவரில் ஒருத்தி. முழு ஒத்திகை அவளுக்குக் கிடைத்தது இரண்டே முறை. அதை நினைக்கும்போது எனக்குப் பெருமையைவிடக் கோபம்தான் வருகிறது.

நான் கேட்பது இவை. முதலில் அந்தச் சுற்றறிக்கையை இந்தக் கல்வியாண்டுக்கு நிறுத்தி வையுங்கள். ஒன்பது பேரும் தயாரிப்புத் தாள் இருக்கிறது என்று நம்பிச் சேர்ந்தவர்கள், படிக்கிற நடுவில் விதியை மாற்றுவது முறையில்லை. எட்டு கிரெடிட்டோடு, பார்வையாளர் முன்னால், உயிரோடு நடக்கும் நாடகமாகவே அந்தத் தாள் இருக்கட்டும். ஆய்வேடு எழுத விரும்புகிறவருக்கு அதைத் தனித் தாளாக வையுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

அறையில் டைல்ஸின் மேலேயே சட்டம் அடித்து அந்தப் பலகைகளைத் திரும்பப் பதிக்கலாம். டைல்ஸை உடைக்கத் தேவையில்லை, போட்ட பணம் வீணாகாது. எண் போட்டுத்தான் இருக்கிறது, நாங்களே வந்து பதித்துத் தருகிறோம். மழைக்காலம் வருவதற்குள் அவற்றை ஷெட்டுக்குப் பின்னாலிருந்து உள்ளே எடுத்து வைக்கவாவது உத்தரவு போடுங்கள், இன்னொரு வடகிழக்குப் பருவமழை நனைந்தால் விறகுதான். ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றி, ஒரு பொறியாளரை வைத்து எடை தாங்கும்படி குழாய்களை மீண்டும் பொருத்த வேண்டும். வயரிங்கை மாற்றி, மூன்று ஃபேஸ் இணைப்புக் கொடுத்து, ஒவ்வொரு பாயிண்டும் எத்தனை லைட் தாங்கும் என்பதைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

சாவியும் பதிவேடும் துறைக்கு வர வேண்டும். இரவு ஒன்பது வரை அறை திறந்திருக்க வேண்டும், அதற்கு நிற்கும் ஊழியருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் தர வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணன் இதுவரை எங்களுக்காக நின்ற இரவுகளுக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. ஒத்திகை நாட்களில் நாடகத் துறை மாணவிகளுக்கு விடுதியில் தனி நேர அனுமதி வேண்டும், ஒவ்வொரு முறையும் அப்பாவைப் போனில் கூப்பிடாமல். மறுக்கப்பட்ட விண்ணப்பங்களும் காரணத்தோடு பதிவேட்டில் ஏற வேண்டும். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு மாணவர் ஒருவரையும், மேடையில் வேலை பார்க்கும் தொழில்நுட்பக்காரர் ஒருவரையும் கூப்பிடுங்கள். நானாக இருக்க வேண்டியதில்லை.

இவற்றுக்குப் பருவம் தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் ஏற்கனவே மூன்று கைவசம் இருக்கிறது.

கடைசியாக, முடிவு எடுப்பதற்கு முன் ஒருநாள் நேரில் வாருங்கள். இப்போதைக்கு ஒன்பது பேரும் தினமும் மாலை ஐந்தரைக்கு சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால்தான் ஒத்திகை பார்க்கிறார்கள். ஆறரைக்கு மேல் இருட்டிவிடும், கொசுவும் அதிகம், அதனால் கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது. நாற்காலி கிடையாது. பலகைகள் அடுக்கியிருக்கின்றன, அதன்மேல் உட்காரலாம்.

இப்படிக்கு,
துறையின் முன்னாள் மாணவி, மணிக் கணக்குச் சிறப்பு விரிவுரையாளர்,
சென்னை